மழைக்காலத்துல ஜன்னல் உப்பிக்குது, அடிக்கட்டை ஊறிப்போகுது, இழைச்சு விடலாமா?

17 நவம்பர் 2024, காலை – காட்பாடியிலேருந்து வந்த கேள்வி

அண்ணா, வீடு கட்டி 4 வருஷம் ஆகுது. ஜன்னல் மொத்தமும் தேக்குன்னு சொல்லித்தான் போட்டாங்க. மழை ஆரம்பிச்சதுலேருந்து ஒரு ஜன்னலும் சாத்த வரல, பலமா சாத்துனா திறக்க வரல. ஆசாரிய கூப்ட்டா "இழைச்சு விட்டா சரியாப்பூடும்"ன்றாரு. ஒரு ஜன்னல்ல நிலையோட அடிக்கட்டை கறுத்துப்போய் நகத்தால அமுக்குனா உள்ள போகுது. மொத்தத்தையும் பேத்துட்டு யூபிவிசி (பிளாஸ்டிக் ஜன்னல்) போட்டுடலாம்னு வீட்ல சொல்றாங்க. என்ன பண்ணட்டும்?

17 நவம்பர், மதியம்

இழைக்க விடாதீங்க. ஆசாரிக்கு காபி குடுத்து அனுப்பிடுங்க, பங்குனில வாங்கன்னு சொல்லுங்க.

நான் பட்டது சொல்றேன். வேலூர் சத்துவாச்சாரில எங்க வீடு 1998ல கட்டுனது, ஒன்பது ஜன்னல். 2006 ஐப்பசில இதே கூத்து, இதே டயலாக், ஆசாரி வந்து சரக் சரக்னு சீவித் தள்ளிட்டாரு, அன்னிக்கு கதவு வெண்ணெய் மாதிரி சாத்துச்சு. அப்புறம் கத்திரி வந்துச்சு. நம்ம ஊர் கத்திரி தெரியும்ல. ரெண்டு கதவுக்கும் நடுவுல என் சுண்டு விரல் போற அளவுக்கு சந்து. அதுல பல்லி ஒண்ணு குடும்பத்தோட குடி வந்துச்சு, வாடகையும் தரல.

விஷயம் இதான். காத்துல ஈரம் ஏறுனா மரமும் சேர்ந்து குடிக்கும், காத்து காஞ்சா விட்டுடும். நீளவாக்குல மரம் அசையறதே இல்லன்னு சொல்லலாம், அகலவாக்குலதான் உப்பும். 4 இன்ச் அகலச் சட்டம் ஒண்ணு, தேக்காவே இருந்தாலும், வெயில் காலத்துக்கும் மழைக் காலத்துக்கும் நடுவுல கிட்டத்தட்ட 1 மில்லி கூடும். ரெண்டு கதவுலயும் சேர்த்து நிக்கற சட்டம் நாலு. ஆக 3, 4 மில்லி. ஆசாரி விட்டது 2 மில்லி சந்துன்னா மீதி எங்க போகும், இடிக்கத்தான் செய்யும். உப்பியிருக்கறப்ப சீவுனா வெயில்ல அந்த அளவுக்கு பல் இளிக்கும்.

இப்போதைக்கு இடிக்கற இடத்துல மெழுகுவத்திய நல்லா தேய்ங்க. போதும்.

17 நவம்பர், ராத்திரி

கேக்க மறந்துட்டேன். போனை செல்ஃபி கேமராவுல வெச்சு ஜன்னல் கதவோட அடி விளிம்புக்குக் கீழ நீட்டி ஒரு போட்டோ எடுங்க. மேல் விளிம்பையும். என்ன வரப்போகுதுன்னு எனக்குத் தெரியும், இருந்தாலும் எடுங்க.

18 நவம்பர்

தம்பி அனுப்புன போட்டோ பாத்தேன். நெனச்சதேதான். முன்பக்கம் பளபளன்னு மூணு கோட்டு எனாமல், அடி விளிம்புல பிரைமர் கூட இல்ல, பச்சை மரம் அப்படியே தெரியுது. பெயிண்டர் மேல தப்பு சொல்லி என்ன, கதவ கீலோட கழட்டுனாத்தான் பிரஷ் அங்க போகும், அவருக்கு சதுர அடி கணக்குல கூலி, யாரு கழட்டுவா.

ஆனா தண்ணி குடிக்கற வாயே அதுதான். மரத்த கரும்பு மாதிரி நெனச்சுக்கங்க. தோல் பக்கம் தண்ணி ஊத்துனா வழிஞ்சு போயிடும், வெட்டுன முனைய தண்ணில வெச்சா உறிஞ்சும். கதவோட நிக்கற சட்டம் ரெண்டும் கீழ முடியற எடத்துல இருக்கறது அந்த வெட்டு முனைதான். மழைல கதவு மேல வழியற தண்ணியெல்லாம் சொட்டா வந்து நிக்கறதும் அங்கதான். மூணு பக்கமும் பெயிண்ட் அடிச்சு, அடிய மட்டும் திறந்து வெச்சா குடிச்ச தண்ணிக்கு வெளிய போக வழி கம்மி. பெயிண்டே இல்லாத மரம் இதுக்குத் தேவலாம், நனையும், காயும்.

21 நவம்பர்

அமுக்குனா உள்ள போற அடிக்கட்டை பத்தி. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு, ஹால் தெற்கு ஜன்னல், ஒன்பதுல அது மட்டும்தான். சாரல் அடிச்சு அடிச்சு அப்படி ஆச்சு. போன வருஷம் மெத்துன்னு இருந்தத உளியால சுரண்டி எடுத்துட்டு, மரத்தூளையும் ஆசாரிங்க வெச்சிருக்கற வெள்ளை பசையையும் கொழச்சு அடைச்சு மேல பெயிண்ட் அடிச்சேன். கல்லு மாதிரி நிக்குது. நீங்களும் அதையே செய்யலாம், செலவு நூறு ரூபா.

(இந்தக் குறிப்ப நம்பி யாரும் இறங்காதீங்க. ஏப்ரல்ல எழுதுனத படிங்க. அழிக்காம விட்டிருக்கேன், என் புத்திசாலித்தனம் நாலு பேருக்குத் தெரியட்டும்.)

24 நவம்பர்

"தேக்கு ஊறாது, உங்களுக்கு வேற மரத்த தேக்குன்னு தள்ளிட்டாங்க"ன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. பாதி சரி. தேக்குல வைரம் பாஞ்ச நடுப்பகுதிதான் தேக்கு. ஓரத்துல வெளுப்பா வர்றத ஆசாரிங்க வெள்ளைன்னே சொல்லுவாங்க, அது தேக்கு மரத்துலேருந்து வந்துச்சுன்றத தவிர அதுக்கு ஒரு பெருமையும் கிடையாது. உளு புடிக்கறதும் அங்க, பூஞ்சை புடிக்கறதும் அங்க. சின்ன வயசுலயே வெட்டுன மரம்னா வெள்ளை நெறைய இருக்கும், வைரம் கொஞ்சமா இருக்கும். மர வாடில கன அடி ரேட்ட மட்டும் பேசிட்டு வந்துட்டா, அறுத்துக் குடுக்கறப்ப எந்தத் துண்டுல எவ்வளவு வெள்ளைன்னு யாரும் பாக்கறதில்ல. அப்புறம் ஆசாரி அந்த வெள்ளை ஓரத்த சுவத்துப் பக்கமா திருப்பி வெச்சுடுவாரு, கண்ணுக்கு அழகா இருக்கணும்ல. சுவத்துப் பக்கம்தான் ஈரம்.

சொல்லப்போனா வீடு கட்டறப்பவே முதல் குளியல் நடந்துடுது. நிலைய நிறுத்தி சுத்தி செங்கல் வெச்சு, பூசி, பத்து நாளு பைப்ப வெச்சு தண்ணி அடிக்கறோம். சுவத்துக்குள்ள போற பக்கத்துல, நிறுத்தறதுக்கு முன்னாடியே ரெண்டு கோட்டு பிரைமரோ, பழைய ஆளுங்க செய்யற மாதிரி தாரோ பூசியிருந்தா சரி. என் வீட்ல பூசல. 98ல எனக்கு என்ன தெரியும், சிமெண்ட் மூட்டைய எண்ணவே நேரம் சரியா இருந்துச்சு.

2 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் புண்ணியத்துல நேத்து முழுக்க வீட்லதான். சும்மா இருக்காம குடைய புடிச்சுகினு டார்ச்ச எடுத்துகினு வீட்ட சுத்தி வந்தேன். எதிர் வீட்டுக்காரம்மா திருடன்னு நெனச்சுட்டாங்க.

ரெண்டு விஷயம் பாத்தேன். ஒண்ணு, சன் ஷேடு ஓரத்துல சொட்ட வேண்டிய தண்ணி சொட்டல. அடிப்பக்கமாவே ஒட்டிகினு ஊர்ந்து உள்ள வந்து நிலையோட தலைல இறங்குது. சன் ஷேடோட அடில, ஓரத்துலேருந்து ஒரு இன்ச் உள்ள தள்ளி, நீளத்துக்கும் ஒரு பள்ளம் கோடு மாதிரி விட்டிருந்தா தண்ணி அதத் தாண்ட முடியாம அங்கயே சொட்டிடும். மேஸ்திரி பூசறப்ப ஒரு கம்பிய பதிச்சு எடுத்தா வேலை முடிஞ்சுது, அரை மணி நேரம் ஆகாது. இனிமே கிரைண்டர் வெச்சு வெட்டணும், இல்லன்னா அலுமினிய ஆங்கிள் ஒண்ண ஓரத்துல ஒட்டணும்.

ரெண்டாவதுதான் என்னைக் கொழப்புது. இந்த மழை வடகிழக்கு. கிழக்கு ஜன்னல் ரெண்டும் செம அடி வாங்குது. தெற்கு ஜன்னல், நான் சாரல் அடிச்சு ஊறிப்போச்சுன்னு உங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தேனே அது, கிட்டத்தட்ட காஞ்சு கெடக்கு. அடி வாங்குற கிழக்கு ஜன்னலோட அடிக்கட்டை இரும்பு மாதிரி இருக்கு. 26 வருஷமா.

அப்ப தெற்கு ஏன் போச்சு? அந்த ஒரு துண்டு மட்டும் வெள்ளையா இருந்திருக்கும்னு இப்போதைக்கு வெச்சுக்கறேன்.

3 டிசம்பர்

"தண்ணி இல்லாத ஆறு"ன்னு பாலாத்த கிண்டல் பண்ற ஊர்ல ஒக்காந்துகினு ஈரத்தப் பத்தி இவ்ளோ பேசறமேன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. அய்யா, 2021 நவம்பர்ல பாலாத்துல வெள்ளம் வந்தப்ப நீங்க ஊர்ல இல்ல போல. அதுவும் இல்லாம கோட்டைக்குள்ள இருக்கறவரு பேரே ஜலகண்டேஸ்வரர்.

8 டிசம்பர்

ஜலகண்டேஸ்வரர்ன்னதும் ஞாபகம் வந்துச்சு. அணைக்கட்டு பக்கம் எங்க தாத்தா வீடு, நிலையெல்லாம் வேம்பு. மரத்த வெட்டி ஏரில அமுக்கிப் போட்டுட்டு மாசக் கணக்குல திரும்பிப் பாக்க மாட்டாங்க. மேல மிதந்தா கல்லக் கட்டி இறக்குவாங்க. அப்புறம் எடுத்து நெழல்ல அடுக்கி ஒரு வருஷம் காய வெச்சு அறுப்பாங்க. தண்ணில போட்டா ஊறிடாதான்னு சின்ன வயசுல கேட்டதுக்கு, "முழுசா முங்குன மரம் சாவாதுடா, பாதி முங்குனதுதான் சாவும்"னாரு தாத்தா.

ரொம்ப நாள் கழிச்சுத்தான் அதோட அர்த்தம் புரிஞ்சுது. மரத்த தின்ற பூஞ்சைக்கு தண்ணியும் வேணும் காத்தும் வேணும். முழுக்க முங்குனா காத்து கிடையாது. முழுக்க காஞ்சா தண்ணி கிடையாது. நடுவுலதான் அதுக்கு விருந்து. ஏரித்தண்ணி மரத்துல இருக்கற மாவுச்சத்த கரைச்சு எடுத்துடும், அதனால உளு வண்டுக்கும் உள்ள திங்க ஒண்ணும் இருக்காது. கிணத்துக்கு உள்ள போட்ட கட்டை அப்படியே இருக்கும், கிணத்து மேட்டுல நட்ட கட்டை தரையோட ஒட்டுற எடத்துல முறிஞ்சு விழும், பாத்திருப்பீங்க.

19 ஜனவரி 2025

பொங்கலுக்கு எனக்கு நானே ஒரு ஈரமானி வாங்கிக்கிட்டேன். ரெண்டு ஊசி இருக்கும், மரத்துல குத்துனா சதவீதம் காட்டும். ஈர மரத்துல கரண்ட் சுலபமா ஓடும், காஞ்சதுல ஓடாது, அத வெச்சுக் கணக்கு போடுது. 20க்கு கீழ இருந்தா பூஞ்சைக்கு வேலை இல்லன்னு வெச்சுக்கலாம், அதுக்கு மேல நிரந்தரமா நின்னா ஆரம்பிச்சுடும்.

வீடு பூரா குத்துனேன். கதவு, கட்டில், கடப்பா கல் அலமாரியோட மரச்சட்டம், பையனோட கேரம் போர்டு (திட்டு வாங்குனேன்). ஒன்பது ஜன்னல்ல எட்டுக்கும் 13லேருந்து 15. ஊறிப்போன தெற்கு ஜன்னல் 16.

16! மழை முடிஞ்சு ஒரு மாசம் கூட ஆகல, அதுக்கே 16தான். அதாவது மழைக்காலத்துல அது நனையவே இல்ல. அப்புறம் எப்போ நனையுது?

9 பிப்ரவரி

எண்ணெய் பத்தி நெறைய பேர் கேட்டுட்டாங்க, சுருக்கமா சொல்லிடறேன்.

முந்திரிக்கொட்டை எண்ணெய், பண்ருட்டி பக்கத்துலேருந்து வர்றது. செல்லுக்கும் வண்டுக்கும் நல்லா வேலை செய்யும், கறுப்பா ஆகிடும், பனை வாரைக்கும் ஓட்டு வீட்டுக் கைமரத்துக்கும் தாராளமா அடிக்கலாம். கையுறை இல்லாம தொடாதீங்க. எங்க மாமா பனியனோட அடிச்சுட்டு ரெண்டு கையும் கொப்புளமா ஒரு வாரம் அத்தை ஊட்டிவிட்டு சாப்ட்டாரு.

ஆளிவிதை எண்ணெய், காய்ச்சுனதா வாங்குங்க. பச்சையா அடிச்சா நாள் கணக்குல பிசுபிசுன்னு நிக்கும், ஈரமான எடத்துல பூஞ்சையே அது மேல வளரும். தொடைச்ச துணிய சுருட்டி மூலைல போடாதீங்க. காயறப்ப அது தானா சூடாகும், குவியலா கெடந்தா தீயே புடிக்கும், நம்ம ஊர் மதியத்துல கேக்கவே வேணாம். விரிச்சு கொடில போடுங்க, இல்ல தண்ணில முக்கி வைங்க.

போராக்ஸ் போரிக் ஆசிட் கரைசல் நல்லதுதான், பூஞ்சை, வண்டு ரெண்டுக்கும் ஆகாது. ஆனா தண்ணி பட்டா கரைஞ்சு போயிடும், மேல பெயிண்ட் இல்லாம ஜன்னலுக்கு அடிச்சு பிரயோஜனம் இல்ல.

மேற்கு பாத்த ஜன்னலுக்கு வெறும் வார்னிஷ் வேணாம். நம்ம வெயில் வார்னிஷ ஊடுருவி அடில இருக்கற மரத்தோட மேல்தோல கெடுத்துடும், வார்னிஷ் பாம்பு சட்டை மாதிரி உரிஞ்சு வரும். மரத்தோட ரேகை தெரியணும்னு ஆசைப்பட்டா அத வாசக் கதவுல காட்டுங்க.

27 ஏப்ரல்

கண்டுபுடிச்சுட்டேன். சிரிக்காதீங்க.

இன்னிக்கு மதியம் ஹால்ல படுத்திருந்தேன். வெளில நெருப்பு. ஏர் கூலர் கடகடன்னு ஓடிகினு இருக்கு, வெட்டிவேர் வாசனை, சுகமா தூக்கம் சொக்குது, கூலர் இருக்கற ஜன்னலையே பாத்துகினு இருக்கேன். கூலர் இருக்கற ஜன்னல். தெற்கு ஜன்னல்.

எழுந்து ஓடிப்போய் மீட்டர குத்துனேன். 27. பக்கத்து ஜன்னல் 9. ஊரே வறண்டு கெடக்கற மாசத்துல என் வீட்ல ஒரு கட்டை மட்டும் ஐப்பசி கொண்டாடுது. 14 வருஷமா மார்ச் கடைசில ஆரம்பிச்சு ஜூன் பாதி வரைக்கும் நானே தெனமும் ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தி அதுக்கு அபிஷேகம் பண்ணியிருக்கேன். ஜூலைல கூலர தூக்கி பரண்ல போட்டுடுவோம். நவம்பர்ல எல்லா ஜன்னலும் இடிக்கறப்பதான் ஜன்னல உத்துப் பாப்போம், அப்ப மெத்துன்னு இருக்கும், பழி மழை மேல.

வெள்ளை துண்டுன்னு டிசம்பர்ல சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். மர வாடிக்காரர் என்னை மன்னிக்கணும்.

28 ஏப்ரல்

நவம்பர்ல பெருமையா சொன்ன மரத்தூள் பசை அடைப்ப விரலால தொட்டேன், புட்டு மாதிரி உதுந்துச்சு. அந்த சாதா வெள்ளை பசை தண்ணி பட்டா எளகிடும், தண்ணி தாங்கற ரகம் தனியா விக்குது, அது எனக்கு அப்ப தோணல. அடைப்புக்குப் பின்னாடி இருந்த மரம் முன்ன விட மோசம்.

மீட்டர் பொய் சொல்லுமோன்னு ஒரு சந்தேகம், மரத்துல உப்பு ஏறியிருந்தா கூடக் காட்டும், கூலருக்கு ஊத்துனது போர் தண்ணி, உப்புதான். அதனால பிஞ்சு வந்த துண்டு ஒண்ண சமையல் தராசுல வெச்சேன், 24 கிராம். ஓவன்ல 100 டிகிரில வெச்சு எடை எறங்கறது நிக்கற வரைக்கும் விட்டேன், 19 கிராம். போன தண்ணி 5, காஞ்ச மரம் 19, அஞ்ச பத்தொம்பதால வகுத்தா 26 சதவீதம். மீட்டர் உத்தமன். கேக் செய்யற ஓவன்ல உளுத்த கட்டையான்னு வீட்டம்மா இன்னும் பேசல.

11 மே

புது ஆசாரி வந்தாரு, வயசானவரு, குடியாத்தம் பக்கம். கூலர எறக்கி வெச்சுட்டு அடிக்கட்டைய தட்டித் தட்டி பாத்தாரு. நான் கூலர் கதைய சொல்லி முடிக்கற வரைக்கும் பொறுமையா கேட்டுட்டு, "அது சரி சார், தண்ணி உள்ள எப்டி போச்சுன்னு பாத்தியா? இங்க பாரு"ன்னாரு.

கம்பி. நம்ம ஜன்னல் கம்பி மேல் கட்டைலேருந்து எறங்கி கீழ அடிக்கட்டைல ஓட்டை போட்டு சொருவியிருக்கும்ல. அந்த ஓட்டை ஒவ்வொண்ணும் ஒரு டம்ளர். கூலர் காத்துல தெறிக்கற ஈரம் கம்பில படிஞ்சு, கம்பி வழியா நேரா கட்டையோட வயித்துக்குள்ள எறங்குது. மேல எத்தனை கோட்டு பெயிண்ட் அடிச்சாலும் அந்த வாசல் திறந்தேதான் இருக்கும். கம்பி துருப்புடிச்சா இன்னும் மோசம், துரு ஏறுன ஈர மரம் கறுத்து நார் நாரா போயிடும். ஒவ்வொரு கம்பிய சுத்தியும் ஒரு ரூபா காசு அளவுக்கு கறுப்பு வட்டம். எத்தனை வருஷமா அத அழுக்குன்னு தொடைச்சிருக்கேன்.

காட்பாடி தம்பி, உங்க வீட்ல கூலர் இல்லன்னு சொன்னீங்க. நேத்தே போன்ல கேட்டேன், கறுத்த ஜன்னல் சமையல் ரூம் சிங்க்குக்கு மேல இருக்கறதுதானேன்னு. ஆமாவாம். கழுவுன பாத்திரத்த எங்க கவுக்கறீங்கன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

25 மே

என் ஜன்னலுக்கு செஞ்சது. நடுவுல கோடை மழை வந்து நாள் தள்ளிப் போச்சு. கூலர் நிறுத்தி ரெண்டு வாரம் காய விட்டோம், 12க்கு எறங்குச்சு. மொத்த நிலையையும் பேக்கல. கம்பிய அறுத்துட்டு, அடிக்கட்டைல கெட்டது மூணு அடி, நல்ல மரம் வர்ற வரைக்கும் வெட்டி, ரெண்டு பக்கமும் சாய்வா சீவி, பழைய தேக்குக் கட்டைல ஒட்டு போட்டாரு, தண்ணி தாங்கற பசை, பித்தளை திருகு. வெட்டு முனைக்கெல்லாம் தண்ணியா கலந்த பிரைமர், குடிக்கறது நிக்கற வரைக்கும் மூணு தடவ. புது கம்பிய சொருவி, சுத்தி இருந்த இடைவெளிய எம்-சீல் வெச்சு அடைச்சு லேசா மேடு கட்டிட்டோம், தண்ணி கம்பி வழியா வந்தாலும் வெளிப்பக்கம் சரிஞ்சு போயிடும். கட்டையோட மேல்முகத்தையும் வெளிய பாத்து கொஞ்சம் சரிவா சீவச் சொன்னேன்.

யூபிவிசி கேள்வி அப்படியே நிக்குது. மூணு அடி கட்டை போனதுக்கு ஒன்பது நிலைய பேக்கறது, பல்லு சொத்தைக்கு தலைய எடுக்கற கதை. புதுசா கட்டறவங்க தாராளமா போடுங்க, எனக்கு ஒண்ணும் கமிஷன் இல்ல.

தம்பி போன ஞாயித்துக்கிழமை எல்லா கதவையும் கீலோட கழட்டிப்போட்டு, இடிச்ச கதவ மட்டும் ஒரு மில்லி இழைச்சு, அடியும் தலையும் அன்னிக்கே பிரைமர் அடிச்சு முடிச்சாராம். கதவுக்கெல்லாம் பென்சில்ல நம்பர் போட்டாராம், பெயிண்ட் அடிச்சதும் நம்பர் மறைஞ்சு போச்சாம். எது எந்த ஜன்னலுதுன்னு ராத்திரி பத்து மணி வரைக்கும் ஜோடி சேத்துனு இருந்திருக்காரு. உளியால கீல் பள்ளத்துக்குள்ள நம்பர் வெட்டணும் தம்பி, அங்க பெயிண்ட் போகாது.

8 ஜூன்

கூலர் இப்ப வெளில இரும்பு ஸ்டாண்டு மேல, ஜன்னல்லேருந்து அரை அடி தள்ளி. நடுவுல ரெக்சின் துணில ஒரு குழாய் மாதிரி தைச்சு மாட்டியிருக்கேன். காத்து முன்ன மாதிரி வரலன்றாங்க வீட்ல. வரல, உண்மைதான்.

26 அக்டோபர் 2025

மழை புடிச்சாச்சு. தெற்கு ஜன்னல் 14. தம்பி வீட்ல எல்லா கதவும் சாத்துதாம், ஒண்ணத் தவிர. அந்த ஒண்ணு எதுன்னு விசாரிச்சா, ஜோடி மாத்தி மாட்டுனதாம். நல்ல வெயில் வரட்டும், கழட்டிக்கலாம்னு சொல்லியிருக்கேன், அது வரைக்கும் மெழுகுவத்தி.